எண்ணுக்கும் இஸ்னாத் உண்டு



சென்ற ஆண்டு ஒரு ஜும்ஆ பயானில் நான் ஒரு புள்ளிவிவரம் கூறினேன். "2001-இல் இந்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு. 2011-இல் அது 57.3 ஆகக் குறைந்துவிட்டது. எல்லோரும் முன்னே செல்கிறார்கள், நாம் மட்டும் பின்னே செல்கிறோம்" என்றேன். பள்ளிவாசலில் பலர் தலை குனிந்து அமர்ந்திருந்தனர். பயான் உள்ளங்களைத் தொட்டது என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

நான் கூறியது பிழை. அதை எனக்கு உணர்த்தியவர், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் மக்தபில் அலிஃப், பே ஓதிய ஒரு மாணவி. இன்று அவர் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறார். எங்கள் ஊர் முஸ்லிம் பெண்பிள்ளைகள் பள்ளிப் படிப்பு முடிந்தபின் கல்லூரிக்குச் செல்கிறார்களா, செல்லாதவர்கள் ஏன் செல்லவில்லை என்பதே அவருடைய ஆய்வுத் திட்டத்தின் தலைப்பு. வீட்டிலிருந்தபடியே ஒலிபெருக்கியில் என் பயானைக் கேட்டிருக்கிறார். மறுநாள் தம் தாயாருடன் வந்தார்.

"ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. நேத்து பயான்ல சொன்ன கணக்கு எந்த அட்டவணையில இருக்கு? என் கட்டுரையில எழுதணும்னா மூலத்தைக் காட்டச் சொல்றாங்க."

ஒரு நாளேட்டில் படித்ததாகச் சொன்னேன். "அந்த நாளேடு எங்கேயிருந்து எடுத்தது, ஹஜ்ரத்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஓர் அறிவிப்பாளர் விடுபட்டாலும் ஹதீஸின் தரம் குறையும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். அந்த நிமிடம் எனக்கு நேர்ந்த வெட்கத்தை மறைக்க விரும்பவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்த வெட்கம்தான்.

பிழை எங்கே நிகழ்ந்தது?

அந்த மாணவியே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையைத் தேடி எடுத்து எனக்கு விளக்கினார். 2001-இன் 59.1 என்பது, ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் விழுக்காடு. 2011-இன் 57.3 என்பதோ, பிறந்த குழந்தை முதல் முதியவர் வரை அனைவரையும் சேர்த்து வகுத்த விழுக்காடு. கணக்கெடுப்பு விதிப்படி ஏழு வயது நிரம்பாத குழந்தை, எழுத்துகளை அறிந்திருந்தாலும், எழுத்தறிவற்றோர் பட்டியலிலேயே சேரும். ஆக, ஓர் ஆண்டின் கணக்கில் தொட்டில் குழந்தைகள் இல்லை. மற்றோர் ஆண்டின் கணக்கில் இருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "சரிந்துவிட்டோம்" என்று நான் அழுதேன்; பிறரையும் அழவைத்தேன்.

ஒரே அளவுகோலால் அளந்தால், 2011-இல் ஏழு வயதுக்கு மேற்பட்ட முஸ்லிம்களின் எழுத்தறிவு சுமார் 68.5 விழுக்காடு. பத்தாண்டுகளில் ஒன்பது புள்ளிகளுக்கும் மேலான உயர்வு. நாட்டின் பொதுச் சராசரி அதே காலத்தில் 64.8-இலிருந்து 73.0 ஆயிற்று. நமக்கும் பொதுச் சராசரிக்கும் இடையே 5.7 புள்ளிகளாக இருந்த இடைவெளி சுமார் நாலரையாகக் குறைந்துள்ளது. இடைவெளி இன்னும் இருக்கிறது, அது கவலைக்குரியதுதான். ஆனால் நான் மிம்பரில் கூறிய கதை வேறு, உண்மை வேறு.

தமிழகத்துக்கு வந்தால் படம் இன்னும் மாறுகிறது. 2001 கணக்கெடுப்பில் தமிழக முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரி 73.5. நாம் சராசரிக்கு மேலே இருந்தோம். "நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியவர்கள்" என்று தொடங்கும் பயானுக்கு இந்த எண் இடங்கொடுக்காது. அது நம்மை வேறொரு கேள்விக்கு அழைத்துச் செல்கிறது: எழுத்தறிவில் முன்னே நிற்கும் சமுதாயத்தின் பெண்பிள்ளைகள் பட்டப்படிப்பு வரை செல்கிறார்களா? எங்கே நிற்கிறார்கள்? மாணவி கேட்டதும் இதே கேள்விதான். பிழையான எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் சரியான கேள்விக்கே நாம் வந்து சேர்ந்திருக்க மாட்டோம்.

நபிகளார் எடுக்கச் செய்த கணக்கு

எண்களைத் தேடுவது உலகக் கல்வி, நமக்கென்ன என்று எண்ணுவோர் உண்டு. புகாரியில் ஜிஹாத் பற்றிய பகுதியில் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆயிரத்து ஐந்நூறு பேர் எழுதப்பட்டனர் என்பது அதன் செய்தி. சமுதாயத்தை எண்ணி எழுதிவைப்பது நபிவழியிலேயே இடம்பெற்ற செயல்.

அதைவிட வியப்புக்குரியது இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நேர்மை. அதே அறிவிப்பு மற்றொரு வழியில் ஐந்நூறு என்றும், வேறொரு வழியில் அறுநூறுக்கும் எழுநூறுக்கும் இடைப்பட்டது என்றும் வந்திருப்பதை அவர் மறைக்கவில்லை. அவற்றையும் சேர்த்தே பதிவு செய்தார். விரிவுரையாளர்களில் சிலர், எல்லோரையும் சேர்த்து எண்ணியது ஒன்று, ஆண்களை மட்டும் எண்ணியது ஒன்று, போர்புரிவோரை மட்டும் எண்ணியது ஒன்று எனப் பொருத்தம் காண முயன்றனர். "எத்தனை?" என்று கேட்குமுன் "யாரை எண்ணினார்கள்?" என்று கேட்கும் அந்தப் பழக்கம் நம் அறிஞர்களிடம் பல நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறது. 59.1-ஐயும் 57.3-ஐயும் கண்டபோது நான் கேட்கத் தவறியதும் அதே கேள்விதான்.

வரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. அறியாததன் பின்னே செல்ல வேண்டாம் என்று சூரா பனீ இஸ்ராயீலின் முப்பத்தாறாம் வசனம் எச்சரிக்கிறது. இவை அண்டை வீட்டு வம்புக்கு மட்டும் உரியவை என்று நாம் கருதிவிட்டோம். வாட்ஸ்அப்பில் வந்த விழுக்காட்டுக்கும் இவையே சட்டம்.

எங்கே தேடுவது?

ஆய்வுத் திட்டம் எழுதும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், அம்மாணவியுடன் சேர்ந்து நான் கற்றதை இங்கே தருகிறேன்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சமயவாரி மக்கள்தொகைக்கு சி-1 அட்டவணை. சமயவாரிக் கல்வி நிலைக்கு சி-9 அட்டவணை. இரண்டும் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2011 கணக்கின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 42,29,479 பேர், மக்கள்தொகையில் 5.86 விழுக்காடு. மேடைகளில் பத்து என்றும் பன்னிரண்டு என்றும் முழங்கப்படுவது வேறு. பதிவில் இருப்பது இது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1-ஆம் தேதியே அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே இடைப்பட்ட ஆண்டுகளுக்கு யாரேனும் துல்லியமான எண் சொன்னால் அது மதிப்பீடு. அப்படியே குறிப்பிட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது, நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் 2006-ஆம் ஆண்டு அறிக்கை. பலரும் பெயர் சொல்லும், சிலரே திறந்து பார்க்கும் நூல் அது. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் சுமார் 3 விழுக்காட்டினரே முழுநேர மதரஸாக்களில் பயில்கிறார்கள் என்று அது கூறுகிறது. மாலையில் குர்ஆன் ஓதச் செல்லும் மக்தபையும் முழுநேர மதரஸாவையும் குழப்பிக்கொள்வதே தவறான எண்ணத்துக்குக் காரணம் என்றும் சுட்டுகிறது. மதரஸா ஆசிரியனாகிய எனக்கு இந்த எண் இனிக்கிறது. இனிக்கிறது என்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும்: அது அனைத்திந்திய எண், 2006 அறிக்கையின் எண். இன்றைய தமிழகத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது. நமக்கு எதிரான எண்ணைச் சல்லடை போட்டுவிட்டு, நமக்கு இதமான எண்ணைக் கண்ணை மூடி ஏற்பதும் அளவையில் மோசடிதான். தமக்கே எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி சூரா அந்நிஸா நமக்குக் கற்பிக்கிறது.

மூன்றாவது, மைய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அகில இந்திய உயர்கல்வி ஆய்வு. 2014-15-இல் 15.34 லட்சமாக இருந்த முஸ்லிம் மாணவர் எண்ணிக்கை 2021-22-இல் 21.1 லட்சமானதாக அது காட்டுகிறது. கல்லூரிகள் தாமே பதிவேற்றும் விவரங்களிலிருந்து இது தொகுக்கப்படுகிறது. கல்லூரி அலுவலகம் நிரப்பாத கட்டம் கணக்கில் வராது. குடும்பங்களின் நிலையை அறிய தேசியக் குடும்ப நல ஆய்வு உண்டு. 2019-21-இல் நடந்தது அதன் ஐந்தாம் சுற்று. அது வீடுகளைத் தேர்ந்தெடுத்து நடத்தும் மாதிரி ஆய்வு. மாநில அளவில் பேச உதவும். ஒரு மஹல்லாவைப் பற்றிப் பேச உதவாது.

நான்காவது, நம் மாநிலத்துக்கே உரிய ஒரு குழப்பம். 2007 முதல் நமக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருப்பதால், கல்லூரிப் பட்டியல்களில் பி.சி.எம். என்ற பிரிவு இருக்கும். அதை அப்படியே "முஸ்லிம் மாணவர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அது லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உள்பட), தக்னி, துதேகுலா, மாப்பிள்ளா, அன்சார், ஷேக், சையத் எனப் பட்டியலில் உள்ள ஏழு பிரிவினருக்கு உரியது. சான்றிதழ் பெறாதவரும் பட்டியலில் இல்லாதவரும் அதில் இரார். பி.சி.எம். என்று கிடைத்தால் பி.சி.எம். என்றே எழுத வேண்டும்.

மாவட்ட அளவில் கல்வி உதவித்தொகை விவரம் வேண்டுமென்றால், மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தை அணுகலாம். நேரில் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. கேள்வியை மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். "முஸ்லிம்களின் கல்வி நிலை என்ன?" என்றால் பதில் வராது, "இந்த ஆண்டில் இந்த உதவித்தொகை பெற்ற முஸ்லிம் மாணவியர் எத்தனை பேர்?" என்றால் வரும்.

சங்கங்களை அறிவது எப்படி?

நம் சமுதாயத்தில் கல்விச் சங்கங்களுக்குக் குறைவில்லை. 1902-இல் தொடங்கிய தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கமே 1951-இல் சென்னைப் புதுக்கல்லூரியை நிறுவியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951-இலும் தோன்றின. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்கள் 1955-இல் சென்னையில் பெண்களுக்கெனவே ஒரு கல்லூரி கண்டார்கள். இத்தகைய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் வெள்ளிவிழா, பொன்விழா மலர்களும் ஆய்வாளருக்குப் புதையல். முதலாண்டில் சேர்ந்தவர் எத்தனை, விடுதி எப்போது வந்தது, நிலம் யார் கொடுத்தது என்பதெல்லாம் வாழ்த்துரைகளுக்கு இடையே ஒளிந்திருக்கும்.

இன்று கடிதத்தாளில் மட்டும் வாழும் சங்கங்களும் உள. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம், ஆண்டுதோறும் தன் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவெண், அலுவலக முகவரி, கடைசியாக வந்த ஆண்டறிக்கை ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றும் இருந்தால் அச்சங்கம் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். அறிவிப்பாளர் யார், நம்பத்தக்கவரா என்று ஆராயும் ரிஜால் கலை நமக்குப் புதியதன்று.

நம் வீட்டுக் கதவு

இதுவரை சொன்னவை எளியவை. கடினமானது இனிமேல்தான்.

ஓர் ஊரில், ஒரு மஹல்லாவில், பள்ளி முடித்த பெண்பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை எந்த அரசு அட்டவணையும் சொல்லாது. அதை அறிந்த ஒரே இடம் ஜமாஅத். நம்மிடம் நிகாஹ் தஃப்தர் இருக்கிறது. சந்தாப் பதிவேடு இருக்கிறது. பைத்துல்மால் வைத்திருக்கும் ஊர்களில் உதவி பெற்றோர் விவரம் இருக்கிறது. நம் மாணவி இரு ஜமாஅத்துகளை அணுகினார். ஒன்றில், "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தக் கணக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றொன்றில் தஃப்தரைக் காட்ட இசைந்தார்கள்; அதில் வயது, மஹர், வலீ, சாட்சிகள் எல்லாம் இருந்தன, கல்வித் தகுதிக்கு மட்டும் இடமில்லை.

"நம்மைப் பற்றி அரசு சரியான கணக்கு எடுப்பதில்லை" என்று மேடைதோறும் குறைபடுகிறோம். நம்மைப் பற்றி நாமே எடுத்த கணக்கு எங்கே? நம் வீட்டுப் பிள்ளையே கேட்டு வந்தபோது கதவைச் சாத்திவிட்டு, பிறர் நம்மைத் தவறாக எண்ணுகிறார்கள் என்று வருந்துவதில் என்ன நியாயம் இருக்கிறது?

மறுப்பவர்களின் அச்சத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "பட்டியல் வெளியே போனால் யார் கையில் சேரும்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். குடியுரிமை பற்றிய கவலைகள் நம் வீடுகளில் பேசப்பட்ட நாட்களுக்குப் பின் அந்தக் கேள்வி இயல்பானது. பெயர்ப் பட்டியல் வேறு, தொகை வேறு என்பதே என் விடை. ஆய்வுக்குத் தேவை தொகை. பெயரும் வீட்டு எண்ணும் ஜமாஅத் அலமாரியிலேயே இருக்கட்டும். "இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர் இத்தனை, கல்லூரியில் சேர்ந்தோர் இத்தனை" என்ற ஒரு பக்கம் வெளியே வரட்டும். அதனால் எவருக்கும் கேடில்லை.

கேட்கப் போகும் பிள்ளைக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு வீட்டுப் பெண் ஏன் படிப்பை நிறுத்தினாள் என்பது அந்த வீட்டின் அந்தரங்கம். கடன், நோய், மணமுறிவு என்று எதுவும் அதன் பின்னே இருக்கலாம். அனுமதி பெற்றே கேட்க வேண்டும். சொல்ல விரும்பாதவரை விட்டுவிட வேண்டும். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. சிறிய தெருவில் "மணமுறிவு பெற்ற ஒரு மாணவி" என்று எழுதினாலே ஊர் கண்டுகொள்ளும். மிகச் சிறிய எண்களைப் பிரித்துக் காட்டாமல் சேர்த்தே எழுத வேண்டும். கேட்ட செய்தி அமானிதம். ஆய்வு என்ற பெயரில் புறம் பேசினாலும் அது புறம்தான்.

செய்யத்தக்கவை

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. நிகாஹ் தஃப்தரில் மணமக்களின் கல்விக்கென ஒரு கட்டம் சேருங்கள். தேர்வு முடிவுகள் வந்தபின் மஹல்லாப் பிள்ளைகளின் தொகையை ஒரு தாளில் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எந்த நாளில், யார் எண்ணியது, யாரை எண்ணியது என்ற மூன்று வரிகள் அதன் அடியில் இருக்கட்டும். அந்த மூன்று வரிகளே அதன் இஸ்னாத்.

பெற்றோர்களே, மகள் ஓர் அலுவலகத்துக்கோ ஜமாஅத்துக்கோ கேள்வி கேட்கச் செல்ல வேண்டுமென்றால் தடுக்காதீர்கள், துணைக்குச் செல்லுங்கள். என்னிடம் வந்த மாணவியுடன் அவருடைய தாயார் வந்தார். அத்தா அவரை மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று முறை அழைத்துச் சென்றார். அக்குடும்பத்துக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

என்னைப் போன்ற ஆலிம்களே, கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்துள்ள ஹதீஸை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள். மிம்பரில் ஏறும் எண்ணையும் அந்த ஹதீஸின் முன் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே மிம்பரில் நின்று, சென்ற வாரம் நான் கூறிய கணக்கு தவறு என்று அறிவித்தேன். சரியான எண்ணையும் அது இருக்கும் அட்டவணையையும் கூறினேன். மதிப்புக் குறையும் என்று நஃப்ஸ் முந்தைய இரவு முழுவதும் அச்சுறுத்தியது. தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, மாணவியைத் திருப்பி அனுப்பிய ஜமாஅத்தின் செயலாளர் என் அருகில் வந்தார். "அந்தப் பிள்ளையை மறுபடியும் வரச் சொல்லுங்க ஹஜ்ரத். தஃப்தரைப் பார்க்கட்டும்" என்றார்.

நாம் அறிந்ததைக் கொண்டு பேசவும், அறியாததைத் தேடவும், நம் கையிலுள்ளதை மறைக்காமல் தரவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.